எங்கள் தெருவில் ஐந்து மாடி லாட்ஜும் கல்யாண மண்டபமும்: ஆட்சேபணை எப்படி எழுதுவது? (கும்பகோணம்)

கொல்லைக்கிணறு
ஞாயிறு, இரவு 8:40

காவிரிக்கும் சாரங்கபாணி கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தெரு. தெருப்பெயரை இங்கே போட வேண்டாம் என்று நினைக்கிறேன், ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். இரண்டு சிறகிலும் ஓட்டு வீடுகள், மெட்ராஸ் டெரஸ் வீடுகள். மாடி எழுப்பியவர்களும் ஒரு மாடியோடு நிறுத்திக்கொண்டார்கள். வடசிறகில் வரிசையாக நாலு வீடுகளை ஒருவரே வாங்கியிருக்கிறார். நாலையும் இடித்துவிட்டு அண்டர்கிரவுண்டில் கார் பார்க்கிங், தரைத்தளம், அதற்கு மேல் ஐந்து மாடி. முதல் மாடியில் கல்யாண மண்டபம், மற்றதெல்லாம் அறைகள். 2028 மகாமகத்துக்குள் திறந்துவிட வேண்டும் என்று வேலை நடக்கிறது. இடத்தைக் குடியிருப்பிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றக் கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்பும் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசி வரை ஆட்சேபணை கொடுக்கலாம்.

கட்டடமே வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு லாட்ஜ் வேண்டும்தான். என் கேள்வி தெருவின் அகலம் பற்றியது. எங்கள் வாசலில் ஒரு ஆட்டோவும் கேஸ் சிலிண்டர் வண்டியும் எதிரெதிரே வந்தால் ஒன்று சாக்கடைக் கல்மேல் ஏறி நின்றாக வேண்டும். இந்தத் தெருவில் முகூர்த்த நாளில் ஆயிரம் பேர் வந்து, அந்த நேரத்தில் சமையல்கட்டில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும்? 2004 ஜூலை 16ஆம் தேதி 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த ஊரில் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

ஆட்சேபணையை எப்படி எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சன்னதித்தெரு
ஞாயிறு, இரவு 9:05

ஐந்து மாடி எழும்பினால் கோபுர தரிசனமே போய்விடும். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பதினோரு நிலையும் தெரியும். அதை முதலில் எழுதுங்கள்.


வெளியூர்வாரிசு
ஞாயிறு, இரவு 10:30

இடிக்கப் போகும் நாலு வீடுகளில் ஒன்று எங்களுடையது. நான்தான் விற்றேன்.

அப்பா போன பிறகு அம்மாவை என்னோடு கோயம்புத்தூருக்கு அழைத்து வந்துவிட்டேன். வீடு பூட்டிக் கிடந்தது. வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னால் ஓட்டைப் பிரித்து அடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு மூன்று பேர்தான், அவர்களுக்கும் வயதாகிவிட்டது. உடைந்த நாட்டு ஓட்டுக்கு மாற்று ஓடு கிடைக்காது. இடிக்கிற வீடு எங்கே என்று தேடிப்போய் வாங்கி வர வேண்டும். ஒரு வருஷம் விட்டேன், கூடத்து உத்தரத்தில் கரையான் ஏறிவிட்டது. வங்கியில் கேட்டால் இவ்வளவு பழைய வீட்டுக்குக் கடன் கிடையாது என்றார்கள். தெருவில் இருப்பவர்களிடம்தான் முதலில் விலை கேட்டேன். யாரும் வாங்க முன்வரவில்லை. கடைசியில் கேட்ட விலையைக் கொடுத்தவருக்குக் கொடுத்தேன்.

இன்றைக்கு எல்லோரும் அந்த வீட்டுக்காக வருத்தப்படுகிறீர்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் விற்றவன் மேல் கோபம் வேண்டாம்.


கொல்லைக்கிணறு
ஞாயிறு, இரவு 10:52

தம்பி, உன் மேல் ஒருத்தருக்கும் கோபமில்லை. உங்கள் அம்மா எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி. விற்றது உன் உரிமை, வாங்கியவர் கட்டுவது அவர் உரிமை. எவ்வளவு கட்டலாம் என்பதற்குத்தான் அளவு கேட்கிறோம்.


காவேரிப்பிள்ளை
திங்கள், காலை 6:15

டெல்டா முழுக்கப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020லேயே சட்டம் வந்துவிட்டதே. அதை வைத்து ஒரேயடியாகத் தடுக்க முடியாதா? தொல்லியல் துறையின் 100 மீட்டர் தடையும் இருக்கிறது.


வக்கீல்_மயிலாடுதுறை
திங்கள், காலை 7:40

இரண்டுமே உதவாது. எழுதினால் மனுவின் பலம்தான் குறையும்.

வேளாண் மண்டலச் சட்டம் ஹைட்ரோகார்பன் எடுப்பது, துத்தநாக உருக்காலை, தோல் பதனிடும் ஆலை என்று பட்டியல் போட்டுச் சில தொழில்களைத்தான் தடுக்கிறது. லாட்ஜும் மண்டபமும் அந்தப் பட்டியலில் இல்லை. தொல்லியல் துறை விதி மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களுக்கு மட்டும்: 100 மீட்டர் வரை தடை, அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டர் அனுமதியோடு. தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலைச் சுற்றிலும் அது உண்டு. சாரங்கபாணி கோயில் அறநிலையத்துறையிடம் இருப்பது. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று தனி அரசாணை இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எல்லாக் கோயிலுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கோபுரம் மறைகிறது என்று எழுதலாம், தவறில்லை. ஆனால் பதில் சொல்லியே தீர வேண்டிய கட்டாயம் அதிகாரிக்கு வராது. சாலை அகலம், தீயணைப்பு, கழிவுநீர், பக்கத்து வீட்டுச் சுவர், இந்த நாலுக்கும் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். கொல்லைக்கிணறு அம்மா சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.


பட்டறைமகன்
திங்கள், காலை 9:20

எங்களுக்குப் பாத்திரப் பட்டறை. நான் படித்துவிட்டு திருப்பூரில் மூன்று வருஷம் இருந்து திரும்பி வந்தவன். இந்த ஊரில் என் வயசுப் பையன்களுக்கு வேலை எங்கே இருக்கிறது? லாட்ஜ் வந்தால் இருபது முப்பது பேருக்காவது சம்பளம் கிடைக்கும். நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர்கள் சனி ஞாயிறில் அறை கிடைக்காமல் தஞ்சாவூரில் போய்த் தங்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் என் தாத்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பாராம். அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் பாரம்பரியத் தெரு, பழைய வாழ்க்கை என்று யாராவது பேசினால் என்னால் தலையாட்ட முடியாது. தீ, தண்ணீர், சுவர் என்று பேசுங்கள், நானும் கேட்கிறேன்.


கொல்லைக்கிணறு
திங்கள், காலை 10:05

நீங்கள் சொன்னது உண்மை. அந்தத் தெருவில் பிறந்தவள் நான், அது நடந்ததில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. மனுவில் பாரம்பரியம் என்ற சொல்லே இல்லை. இருக்கவும் போவதில்லை.


தஞ்சைப்பொறியாளர்
திங்கள், மதியம் 1:30

வரைபடத்தை யாராவது பார்த்தீர்களா? உயரம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள்?


கொல்லைக்கிணறு
திங்கள், மதியம் 2:10

பார்த்தேன், சார். உயரம் 18 மீட்டர். தெரு அகலம் 9.2 மீட்டர் என்று போட்டிருக்கிறது.


தஞ்சைப்பொறியாளர்
திங்கள், இரவு 9:15

நினைத்தது சரிதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும், நிபந்தனைகளும் கூடும். அதனால்தான் 18இல் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்காக 18.30க்குக் கீழே எதுவும் செய்யலாம் என்று ஆகிவிடாது. எந்த உபயோகத்துக்கு எவ்வளவு அகலமான சாலை என்பது அங்கேயும் உண்டு. ஆகவே அந்த 9.2 எங்கிருந்து எங்கு வரை அளந்தது என்பதுதான் கேள்வி. இந்த மாதிரித் தெருக்களில் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை டேப் பிடித்துவிடுவார்கள். நடுவில் இரண்டு பக்கத் திண்ணையும் சேர்ந்துவிடும். நகர நில அளவைப் பதிவேட்டில், அதாவது டி.எஸ்.எல்.ஆரில், தெருவுக்குத் தனி எண்ணும் அளவும் இருக்கும். அதை எடுங்கள்.

இரண்டாவது, சுவர். வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரே சுவர்தான். கடைசி வீட்டுக்குப் பக்கத்து வீடு யாருடையது?


கொல்லைக்கிணறு
திங்கள், இரவு 9:30

எங்களுடையதுதான். கூடத்தின் மேற்குச் சுவர் பொது. எங்கள் உத்தரம் மூன்றின் முனையும் அதில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் தாழ்வாரத்து உத்தரமும் அதே சுவரில். சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. போன வருஷம் காரை பெயர்ந்த இடத்தில் விரலால் கீறினாலே சாந்து மாவாகக் கொட்டியது.


தஞ்சைப்பொறியாளர்
திங்கள், இரவு 11:00

அப்படியானால் நீங்கள் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பக்கத்து வீட்டை இடித்ததும் பொதுச் சுவர் தனிச் சுவராகிவிடும். இதுவரை இரண்டு பக்கமும் உத்தரமும் குறுக்குச் சுவரும் பிடித்துக்கொண்டு நின்றது இனி ஒரு பக்கம் பிடிமானம் இல்லாமல் நிற்கும். மழையிலும் நனையும். சுண்ணாம்புச் சாந்துக்கு அது கெடுதல். அதோடு ஜேசிபியை வைத்து இடித்தால் உத்தரத்தைப் பிடுங்கும்போதே சுவர் ஆடும். அந்தப் பக்க உத்தரங்களைச் சுவரை ஒட்டி ரம்பத்தால் அறுத்துவிட வேண்டும். சுவருக்குள் இருக்கும் முனையைப் பிடுங்கக் கூடாது, அப்படியே விட்டுப் பூசிவிட வேண்டும். சுவரிலிருந்து ஆறேழு அடிக்கு ஆள் வைத்துக் கையால்தான் இடிக்க வேண்டும். சுவருக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் மற்ற வேலை.

அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்தான் எனக்கு இதைவிடப் பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டு அஸ்திவாரம் மூன்று நாலு அடிக்கு மேல் போயிருக்காது. அவர்கள் பத்துப் பன்னிரண்டு அடி தோண்டுவார்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது. காவிரியில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் உங்கள் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு மேலே வரும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் குழி தோண்டினால் ராப்பகலாக மோட்டார் வைத்து இறைத்தாக வேண்டும். அந்தத் தண்ணீரோடு உங்கள் அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கும் நுண்மணலும் போகும். நம் ஆற்றுப்படுகை மண்ணில் நீர்மட்டம் இறங்கினாலே களி அடுக்கு அமுங்கிவிடும். சுவர் விரிந்த பிறகு யார் மேல் வழக்குப் போட்டு என்ன பயன்?

அஸ்திவாரத்துக்குப் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் தூண், போடுவதாக இருந்தால் அடித்து இறக்கும் பைல் கூடாது, துளைபோட்டு வார்க்கும் பைல்தான் என்று நிபந்தனை கேளுங்கள்.

உடனே செய்ய வேண்டியது: வீட்டில் இருக்கும் எல்லா விரிசலையும் அளவுகோல் வைத்து, தேதியோடு போட்டோ எடுங்கள். பெரிய விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைப் பூச்சு வைத்து ஒட்டி அதிலும் தேதி எழுதிவிடுங்கள். சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். பழைய விரிசல், புது விரிசல் என்ற வாக்குவாதமே வராது.

நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டடம் வடசிறகில் வருவதால் எதிர்ச்சிறகுக்கு நிழல் பிரச்சினை பெரிதாக இருக்காது. பின்னால் வடக்குத் தெருவின் கொல்லைப்புறத்துக்குத்தான் போகும். நம் ஊர் அட்சரேகைக்குக் கணக்குப் போட்டேன். மார்கழியில் உச்சி வேளையில்கூட 18 மீட்டர் கட்டடத்தின் நிழல் வடக்கே 12 மீட்டர் விழும். அந்தத் தெருக்காரர்களுக்கு அறிவிப்பு வந்ததே தெரியாமல் இருக்கலாம். சொல்லுங்கள்.


வக்கீல்_மயிலாடுதுறை
செவ்வாய், காலை 7:10

பொறியாளர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்துவந்த வெளிச்சம், காற்று, ஒரு கட்டடத்துக்கு இன்னொன்று கொடுக்கும் தாங்கல், இவை உரிமையாகிவிடும். பொதுச் சுவர் பற்றி உங்கள் மூலப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தால் இன்னும் பலம். பழைய பத்திரங்களில் நாலெல்லை விவரத்திலேயே எழுதியிருப்பார்கள்.

தீயணைப்புத் துறைக்குத் தனியாக ஒரு மனு கொடுங்கள். அவர்கள் வண்டியோடு வந்து தெருவுக்குள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காகிதத்தில் 9.2 என்று எழுதிவிடலாம், வண்டியைத் திருப்பிக் காட்ட வேண்டுமே. கழிவுநீர் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: அந்தத் தெருவின் பாதாளச் சாக்கடைக் குழாயின் விட்டம் என்ன, எத்தனை இணைப்புக்குப் போட்டது. பதில் தர 30 நாள் வரை ஆகலாம். பதிலுக்குக் காத்திருந்து ஆட்சேபணைத் தேதியைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.


ஸ்ரீரங்கவாசி
செவ்வாய், காலை 11:45

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒருநாளும் இவ்வளவு பெரிய கட்டடமாக வரவில்லை. ஒரு வீடு இடிந்தது, அங்கே மூன்று மாடி பிளாட் வந்தது. அடுத்த வருஷம் பக்கத்து வீடு. ஒவ்வொன்றையும் பார்த்து இது சின்னதுதானே என்று விட்டோம். ஒரு குடும்பம் இருந்த மனையில் இப்போது ஆறேழு குடும்பம், ஆறேழு கார். சித்திரைத் தேருக்கு முந்தின நாள் வண்டிகளை எடுக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் கெஞ்சுகிறார்கள். உங்களுக்குப் பெரிய கட்டடமாக ஒரே தடவையில் வருவதால் எல்லோர் கண்ணிலும் பட்டது. இதை விட்டுவிட்டால் அடுத்தவர் அதே 9.2ஐக் காட்டித்தான் கேட்பார்.


நெறியாளர்
செவ்வாய், மதியம் 12:20

வாங்கியவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கிவிட்டோம். கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.


சன்னதித்தெரு
புதன், இரவு 8:00

டி.எஸ்.எல்.ஆர். எடுத்தீர்களா அம்மா?


கொல்லைக்கிணறு
புதன், இரவு 9:40

எடுத்தேன். பதிவேட்டில் தெரு 7.3 மீட்டர். மீதி 1.9 மீட்டரும் திண்ணைதான். பொறியாளர் சார் சொன்னது அப்படியே சரி.

ஆனால் இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நில அளவரை வரச்சொல்லி எல்லை போட்டால் எங்கள் திண்ணைகளில் பாதி தெருவுக்குள் வந்துவிடும். எங்கள் வீட்டுத் திண்ணை ஒன்றரை அடி வெளியே நிற்கிறது. எதிர்வீட்டு மாமா வீட்டில் படிக்கட்டு முழுசும். இன்று சாயங்காலம் அவர் வந்து, "நீ அகலத்தைக் கிளப்பினா முதல்ல நம்ம திண்ணையைத்தாம்மா இடிப்பான், பேசாம கோபுரம் மறையுதுன்னு எழுதிக் குடு" என்றார். அவர் சொல்வதும் நியாயம். அந்தத் திண்ணையில்தான் அவர் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.


காவேரிப்பிள்ளை
புதன், இரவு 9:55

மாமா சொல்வதுதான் சரி. நம் கையாலேயே நம் வீட்டை இடிக்கக் கொடுப்பதா? அகலத்தைத் தொடாதீர்கள்.


பட்டறைமகன்
புதன், இரவு 10:10

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் திண்ணையைத் தெருக்கணக்கில் சேர்த்து மாடி வாங்குவார்கள், நீங்கள் அதே திண்ணையை வீட்டுக்கணக்கில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அதிகாரி இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பார்ப்பார். 7.3தான் தெரு என்றால் எல்லோருக்கும் 7.3.


வக்கீல்_மயிலாடுதுறை
வியாழன், காலை 6:50

தம்பி சொன்னதையேதான் நானும் சொல்வேன். பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. மனுவில் ஆக்கிரமிப்பு அகற்று என்று நாம் கேட்கப்போவதில்லை. விண்ணப்பத்தில் காட்டிய அகலம் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை, கூட்டாக அளந்து பார்த்து முடிவெடுங்கள் என்று மட்டும் கேட்கிறோம். ஆனால் அளந்த பிறகு திண்ணைக்கு நோட்டீஸ் வராது என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.


கொல்லைக்கிணறு
வியாழன், இரவு 8:30

நேற்று ராத்திரி வீட்டில் பேசினோம். எங்கள் ஒன்றரை அடியை நாங்களே எடுத்துவிடுகிறோம். கேட்டால் கொடுக்கிறேன் என்று மனுவிலேயே எழுதிவிட்டேன். திண்ணையை விட அந்தச் சுவர் எனக்கு முக்கியம், சுவரை விடத் தெருவுக்குள் வண்டி வர வழி முக்கியம். மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போடவில்லை, போட வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை.

மனுவில் கேட்டிருப்பது: 7.3 மீட்டர் சாலைக்கு விதி எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு உயரம். மண்டபம் வேண்டாம், அறைகள் மட்டும். அண்டர்கிரவுண்ட் வேண்டாம், தூண் எழுப்பித் தரைத்தளத்திலேயே வண்டி நிறுத்தட்டும். பொதுச் சுவருக்குப் பொறியாளர் சொன்ன முறைப்படி பாதுகாப்பு, இடிப்பதற்கு முன்னால் இரு தரப்பும் சேர்ந்து எடுக்கும் போட்டோ. வடக்குத் தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் அறிவிப்பு வந்தது தெரியாது.


வெளியூர்வாரிசு
வியாழன், இரவு 9:15

அக்கா, எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. கிழக்கெல்லையில் "பொதுச் சுவர், இரு வீட்டாருக்கும் பாத்தியம்" என்று எழுதியிருக்கிறது. நாளைக்கே அனுப்பிவிடுகிறேன்.


பின்கட்டு
வியாழன், இரவு 10:40

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வாங்கிய நாலு வீட்டில் இரண்டாவது வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். இன்னும் காலி பண்ணவில்லை. முன்கட்டில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். அடுத்த மாதம் போகச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்த அட்வான்ஸ் பழைய வீட்டுக்காரரிடம் கேள் என்கிறார்கள், பழைய வீட்டுக்காரர் புது ஆளிடம் கேள் என்கிறார். என் வீட்டுக்காரர் பூக்கடையில் இருக்கிறார், பெண் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கிறாள். இந்த ஊருக்குள் இதே வாடகையில் வேறு வீடு கிடைக்காது. இங்கே எல்லோரும் சுவரைப் பற்றியும் திண்ணையைப் பற்றியும் எழுதுகிறீர்கள். எங்களுக்குப் பட்டா இல்லை, பத்திரம் இல்லை. நாங்களும் கையெழுத்துப் போடலாமா?


வக்கீல்_மயிலாடுதுறை
வியாழன், இரவு 11:05

கட்டாயம் போடலாம். ஆட்சேபணை சொல்வதற்குச் சொத்து தேவையில்லை. ரேஷன் கார்டோ ஆதாரோ, அந்த முகவரியில் இருப்பதற்கு ஏதாவது ஒரு சான்றின் நகல் இணைத்தால் போதும். மின்சாரத்தைத் துண்டித்ததும் அட்வான்ஸும் தனி விஷயம், அதை இந்த மனுவோடு கலக்க வேண்டாம். வாடகை ரசீது, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பெண் தேர்வு எழுதும் வரை இருக்க அனுமதி கேட்டுத் தனியாக ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.


கொல்லைக்கிணறு
வெள்ளி, காலை 6:00

அம்மா, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், கிணற்றுப் பக்கமாகவே வரலாம். மனுவில் கடைசிப் பக்கம் இன்னும் அச்சடிக்கவில்லை. வாடகைக்கு இருப்பவர்களை வேறு இடம் கிடைக்கும் வரை காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற கோரிக்கையை அதில் சேர்க்கிறேன். நாலு வீட்டிலும் பின்கட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவர்களையும் அழைத்து வாருங்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும்.